ஜெனரேட்டர் மறைவிலிருந்து பார்த்த சைக்கிள்கள்

5 பிப்ரவரி 2025, புதன்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று ஜெனரேட்டர் மறைவில் முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன். மூன்றாம் மாடி அலர்மேல்மங்கை மாமி பார்த்துவிட்டார். "அபார்ட்மென்ட் செக்ரட்டரியே இங்க வந்து ஒதுங்கினா மத்தவாளை நான் என்ன சொல்றது?" சாயங்காலத்துக்குள் மூன்று பேர் என்னைச் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒளிந்தது ஜாய்சனைக் கண்காணிக்க. பம்பு, பல்பு, சாக்கடை அடைப்பு எல்லாம் பார்க்கிற எங்கள் மெயின்டனன்ஸ் ஆள். பேஸ்மென்டில் யாரும் தொடாத சைக்கிள்களுக்கு நான் மஞ்சள் சீட்டு கட்டுவேன். பதினைந்து நாளில் யாரும் கேட்காவிட்டால் பழைய இரும்புக் கடைக்கு. கொண்டுபோவது ஜாய்சன்.

சரி, இரும்புக் கடைக்குப் போகிற சைக்கிளுக்கு ஏன் காற்றடிக்கிறான்?

8 பிப்ரவரி, சனி

இன்று செயினுக்கு எண்ணெய். கசாப்புக்குப் போகிற ஆட்டுக்கு யாராவது தலை வாரிவிடுவார்களா?

9 பிப்ரவரி, ஞாயிறு

பின்தொடர்ந்தேன். மாஸ்க், மகனுடைய தொப்பி. பக்கத்து ஏரியா ஈஜிபுராவில் ஒரு சந்து. சுவரோரம் பதினொரு சைக்கிள்கள், அத்தனையும் எங்கள் பேஸ்மென்ட் முகங்கள் — கழுவி, சீட் மாற்றி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நின்றன. வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணிடம் விலை பேசிக்கொண்டிருந்தான். நான் ஒரு சைக்கிளின் மணியை அடித்துப் பார்க்கிற பாவனையில் நின்றேன்.

"சார், மாஸ்க் போட்டா மூஞ்சிதான் மறையும். தொப்பை?"

"இரும்புக் கடைக்குப் போகலையா இதெல்லாம்?"

"அவன் உடைச்சு எடைக்குப் போட்ருவான் சார். நான் டயர் டியூப் மாத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும். நீங்கதானே மீட்டிங்ல எடுத்துக்கோன்னீங்க?"

நானா? என்ன நெஞ்சழுத்தம். மீட்டிங்கில் வடை வரும்வரைதான் நான் காது கொடுப்பேன், உண்மை. அதற்காக?

12 பிப்ரவரி, புதன்

மங்களத்திடம் சொன்னேன். "அவன் விக்கறது உங்களுக்கு உறுத்துதா, இல்ல அந்த யோசனை உங்களுக்கு வரலையேன்னு உறுத்துதா?"

பெண்டாட்டியிடம் எதையும் சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. சொன்னால் அவன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எனக்கும் அதில் பங்கு என்பார்கள். மாமி ஆரம்பித்து வைப்பார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். புதுக் கமிட்டி, பழைய ஆட்களில் நான் ஒருவன்தான் மிச்சம். வடையை மென்றுகொண்டே எல்லோரும் தலையாட்டினார்கள். ஜாய்சனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

"மினிட்ஸ் புக்கைப் பாருங்க சார்."

புத்தகம் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. "எல்லாம் பாத்தாச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பம்பு ரூம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். ஒரு வடை எடுத்துக்கோப்பா என்றாவது சொல்லியிருக்கலாம்.

19 பிப்ரவரி, புதன்

பம்பு ஓடவில்லை. நான்கு மாடிக்கும் வாளிதான்.

2 மார்ச், ஞாயிறு

புது ஆளுக்கு பம்பு பிடிபடவில்லை. இன்று மஞ்சள் சீட்டு கட்டிய ஏழு சைக்கிள்களை இரும்புக் கடை வண்டி வந்து அள்ளிப்போனது. எல்லாம் முறைப்படி.

அதை மினிட்ஸில் எழுதலாம் என்று பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினேன். போன அக்டோபர் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்தேன். 'போனஸுக்குப் பதிலாக, கேட்பாரற்ற சைக்கிள்களை ஜாய்சன் எடுத்துப் பழுதுபார்த்து விற்றுக்கொள்ளலாம்.' கீழே செயலாளர் கையெழுத்து, என்னுடையது. பக்கம் ஒட்டியிருந்தது வடை எண்ணெயில்.