குட்டியானையின் தரை

மார்ச் 3, ஞாயிறு

சீச்சீ! தலைக்குக் குளித்தும் நாற்றம் போகவில்லை. எங்கள் மளிகைக்கடைக்கு மூட்டை ஏற்றிவந்த குட்டியானை வண்டியை என் வீட்டுக்காரர் வீடாக்குகிறார். பின்னால் கூண்டு கட்டி, கட்டில், அடுப்பு எல்லாம் வைத்தாயிற்று. ஓடும்போது இரும்புத் தரை தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது. அதனால் கட்டைகளுக்கு நடுவே தெர்மாகோல் பதித்து, மேலே பிளைவுட் அடிக்க வேண்டுமாம். சரி, புதுத் தெர்மாகோல் வாங்கக் கூடாதா? மீன் கம்பெனியில் வேலை பார்க்கும் இன்பமணி, மீனும் ஐஸும் அடைத்த பழைய பெட்டிகளை ஒரு பாரம் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனான். "சும்மா கெடைக்கத விடுதவன் வியாபாரியா?" என்கிறார் இவர்.

மார்ச் 5

பினாயில் ஊற்றிக் கழுவினார். இப்போது பினாயில் போட்ட மீன் நாறுகிறது.

மார்ச் 10, ஞாயிறு

நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, அதையே பதித்துப் பிளைவுட் அடித்து முடித்துவிட்டார். வெயில் ஏற ஏற, இடுக்கு வழியாக அழுகின சாளை மீன் நாற்றம் கிளம்புகிறது. குமட்டி, வண்டிப் படியிலேயே வாந்தி எடுத்தேன். இவரோ தரையில் மூக்கை வைத்துவிட்டு, "வாடையா? எங்கன? ஒண்ணுமில்லையே ளா" என்கிறார். இப்படியும் ஒரு மனுசனா!

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் கடையை ஒருநாள் அடைத்துவிட்டு எங்கேயாவது கூட்டிப்போயிருப்பாரா? மருமகன் இசக்கிராஜாவிடம் கடையை விட்டுவிட்டுக் கடலோரமாகவே கோவா வரை போவோம் என்றபோது எவ்வளவு சந்தோசப்பட்டேன்! இந்த நாத்தம் பிடிச்ச வண்டியிலயா? தரையைப் பெயர்க்காமல் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ நான் மட்டும் போறேன்."

போங்க. போய் அந்த மீனோடயே குடும்பம் நடத்துங்க.

மார்ச் 13, புதன்

வண்டிக் கதவையெல்லாம் திறந்துபோட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வண்டிக் கதவைத் திறந்தால் கேஸ்! மீன் நாற்றத்தையும் மீறி முகத்தில் அறைந்தது. புது அடுப்பைச் சோதித்துப் பார்த்தவர் குமிழைச் சரியாக மூடவில்லை. ஜன்னலெல்லாம் அடைப்பு. இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டீ போட லைட்டரை எடுக்கிறார்.

"ஐயோ, கீழ வைங்க!"

சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். "என்னளா ஆச்சு?" என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"உங்களுக்கு வாடையே தெரியலையா?"

தலையைக் குனிந்துகொண்டார். "போன வருசம் காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுல போனது. எண்ணெய மோந்து பாத்தே வியாபாரம் பண்ணவன் நான். மூக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா எவன் கடைக்கு வருவான்? அதான் மாப்பிள்ளை கையில குடுத்தேன்."

ஊருக்குச் சொல்ல வேண்டாம். என்கிட்டயுமா மறைக்கணும்? சே! தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மார்ச் 14

சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மார்ச் 24, ஞாயிறு

நானே கடப்பாரை வைத்துத் தரையை நெம்பினேன். அவர் ஆணி பிடுங்கினார். அடியில், கருமம், மஞ்சள் தண்ணீரும் செதிலும் நெளிகிற புழுவும். அவர் வெறுங்கையால் அள்ளிப் போட்டார். நான் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "குடுத்துவச்ச மனுசன்" என்றேன். இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

இரும்பைச் சுரண்டிக் கழுவிக் காயவிட்டு, ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ரப்பர் ஷீட்டை ஒட்டினோம். இந்த முறை கடையில் வாங்கியது. பசை காய்ந்ததும் மண்டியிட்டு மூலைமூலையாக முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாடைதான். கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரமும் மாட்டியாயிற்று. ஆனாலும் அடுப்பு என் பொறுப்பு.

ஏப்ரல் 7, ஞாயிறு

கொல்லம் தாண்டி ஒரு கடற்கரையில் நிற்கிறோம். நேற்று நின்ற பெட்ரோல் பங்க் கக்கூஸைப் பற்றி எழுதவே கூசுகிறது. இரண்டு நாளாகச் சரியான குளியல் இல்லை.

காலையில் காப்பி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். ஒரு வருசமாகவே இப்படித்தான், படுக்கையிலும் ஒதுங்கியே படுப்பார். என்மேல் சலிப்பு என்று நினைத்திருந்தேன்.

"ஏளா, எம்மேல ஏதும் வாடை வருதா? உள்ளதைச் சொல்லு. எனக்குத் தெரிய மாட்டேங்கு."

இதற்காகவா? கிட்டே போய், கழுத்தோரம் மூக்கை வைத்து முகர்ந்தேன்.

"நாறுது. போய்க் குளிங்க."

வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாளித் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு வந்து, என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.