வடக்குச் சுவரின் சன்ஷேடு

சார்,

கட்டிலுக்கடியில் கிடந்த வரைபட டியூபை இன்று திறந்தேன். இத்தனை வருஷமாகியும் பிரிண்டில் அமோனியா வாடை போகவில்லை. ஓமானில், நம் சலாலா ஆபீசில் நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது போலவே இருந்தது.

நீங்கள் இறந்துவிட்டதாக உங்கள் மகள் எழுதியிருந்தாள். உங்கள் ஊரில் கண்காட்சி வைக்கிறார்களாம், புத்தகமும் வருகிறதாம். கூட வேலை பார்த்தவர்கள் உங்களிடமே பேசுவது போல ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். 'நீங்கள்' என்றே எழுதுகிறேன், பழக்கம் விடவில்லை.

புத்தகத்தின் பக்கங்களையும் அனுப்பியிருந்தாள். அமெரிக்காவில், அரிசோனாப் பாலைவனத்தில் ஒரே வட்டாரத்துக்கு ஆயுள் முழுக்க ஆர்க்கிடெக்டாக இருந்து கட்டினீர்கள்: பள்ளிக்கூடம், தபால் நிலையம், கோர்ட்டு, எல்லாம் சுடாத மண்கல் சுவர். 'தன் மண்ணைத் தவிர வேறு மண்ணை அறியாதவர்' என்று பாராட்டியிருக்கிறார்கள். உண்மைதான் சார். அதற்கு நானே சாட்சி.

வெளியூரில் நீங்கள் கட்டியது சலாலா நூலகம் ஒன்றுதான். அதற்குக் கீழே ஒரு வரி: 'வரைவாளர் ஒருவரின் பிழையால் வடக்குச் சுவரில் சன்ஷேடு விடுபட்டது.'

அந்த ஒருவர் நான்.

வடக்கு ஜன்னல்களுக்கு நான் சன்ஷேடு வரைந்திருந்தேன். பார்த்துச் சிரித்தீர்கள்; உங்கள் அரிசோனாவில் உச்சி வெயில் வடக்கே சாய்வதே இல்லை. எங்கள் ராமநாதபுரத்தில் வைகாசி வெயில் வடக்கே சாய்ந்துதான் அடிக்கும், சலாலாவும் அந்த மாதிரித் தெற்கே இருக்கிற ஊர்தான் என்று சொன்னேன். "பாலைவனத்தைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்றீர்கள். சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டீர்கள்.

நம் ஆபீஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிவப்பில் திருத்துவீர்கள். அதைச் செய்து முடித்ததும் அதன்மேல் நான் மஞ்சள் பென்சிலைத் தேய்க்க வேண்டும். சன்ஷேடை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த அடித்தலின் மேல் மட்டும் மஞ்சள் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.

குளிர்காலத்தில் திறந்தபோது ஊரே உங்களைப் புகழ்ந்தது. வைகாசி வந்தது. வெயில் கண்ணாடி வழியே மேஜைகளில் இறங்கியது, புத்தக அட்டைகள் சுருண்டன, உட்கார ஆளில்லை. கட்டச் சொன்னவர் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். போகும்போது காரில் என் தோளில் கை போட்டீர்கள். "நீ வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன். மாஃபி முஷ்கில்." பிரச்சினை இல்லை என்று அர்த்தம், உங்களுக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். உள்ளே போனதும் வரைபடத்தை விரித்து, 'வரைந்தவர்' கட்டத்தில் இருந்த என் பெயரின் மேல் விரலை வைத்தீர்கள். அப்போதும் நான் பேசவில்லை. உங்களை நம்பித் தொலைத்தேன்.

நாலாம் நாள் விசா கேன்சல். சட்டைகளுக்குள், நீங்கள் சிவப்பில் அடித்த இந்தத் தாளைச் சுருட்டி எடுத்துப் போனேன். பிறகு எந்த ஆபீசில் கேட்டாலும், "சலாலா லைப்ரரி ஆள்தானே?" என்றார்கள். சவுதியில் தம்மாமில் குடோன் காத்தேன் சார். ஆறு வருஷம் ஸ்கேலைத் தொடவில்லை.

இப்போது பர் துபாயில் இருக்கிறேன். என் ரூம்காரர் கீழக்கரைக்காரர், மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். நான் தாளை விரித்ததைப் பார்த்து, "மௌத்தாப் போன மனுசன் மேல என்னண்ணே வஞ்சம்? விட்டுருங்க," என்றார். செத்துப் போனால் கணக்குத் தீர்ந்துவிடுமா? நான் உயிரோடுதானே இருக்கிறேன்!

தாளைப் படம் எடுத்து உங்கள் மகளுக்கு அனுப்பினேன். அப்பா கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டாள். அந்த வரியையே எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். எடுக்கக் கூடாது, திருத்த வேண்டும், சன்ஷேடை அடித்தது யார் என்று பெயரோடு போட வேண்டும் என்றேன். மூன்றாம் நாள் சம்மதித்தாள். இந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு, கண்காட்சிக்குள் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டுகிறாளாம். உங்களைப் பார்க்க வருகிற ஊர் ஜனம் முதலில் இதைப் பார்க்கும். எனக்கு அது போதும்.

நாளை கூரியரில் போகிறது. அதற்கு முன் மஞ்சள் பென்சில் ஒன்று வாங்கி வந்தேன். உங்கள் கையெழுத்து மறையாதபடி, அந்தச் சிவப்பு அடித்தலின் மேல் நிதானமாகத் தேய்த்தேன். ஆத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை அனுப்புவதாக இல்லை.

நீங்கள் சொன்ன வேலை முடிந்தது சார்.