ஐந்தாவது சங்கிலி

அரெக்கிபா, செப்டம்பர் 14

அன்பு மகள் நொயமிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அவருக்கு முழங்கால், எனக்கு வாய், இந்த இரண்டையும் தவிர வீட்டில் வேறு தொந்தரவு இல்லை. நீ மிலானில் நலமாக இருக்கிறாயா, வேலை பார்க்கிற வீட்டில் அந்தக் கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டி உன் முதுகு என்ன பாடுபடுகிறதோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ஊருக்கு வருகிற பேச்சை நான் எடுத்ததுமே அங்கே மணி அடிக்கிறது, கிழவர் கூப்பிடுகிறார், உன் பஸ் வந்துவிடுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது பார். முனைத் தெரு இர்மா வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கைக்குட்டையில் முடிந்த ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கும். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு அதைப் பிரி, முதலில் பிரிக்காதே.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை லுஸ்மிலாவுக்குக் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். ஆறு வயதிலிருந்து ஒரே பெஞ்சில் உன்னோடு உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு, என் இடத்தில் வேறு யாரையாவது தோழிப்பெண்ணாக நிறுத்திக்கொள், நான் பரிசு அனுப்பிவிடுகிறேன் என்று நீ செய்தி அனுப்பியது எனக்குத் தெரியும். அவளே போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். 'தூரத்துச் சொந்தத்தைத் தட்டிக் கழிக்கிற மாதிரி என்னைத் தட்டிக் கழிச்சிட்டாம்மா உங்க பொண்ணு' என்றாள். அழவில்லை, ஆனால் நான் கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அம்மா இல்டா கண்ணை மூடிய நாளிலிருந்து இந்தச் சமையலறைதான் அவளுக்குத் தாய்வீடு, அவள் இங்கே ஒரு வாய் காப்பியை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

கல்யாண வேலை நடக்கிற அழகைக் கேள். இந்தக் காலத்துத் தோழிப்பெண்கள் என்றால் சும்மாவா, ஒரு மந்திரிசபையே கூடுகிறது. முதலில் ஆளுக்கொரு பெட்டி போனது, அதற்குள் பெயர் எழுதிய கோப்பை, வாசனை மெழுகுவத்தி, தோழியாக நிற்பாயா என்று கேட்டு ஒரு சீட்டு. எங்கள் காலத்தில் தெருவில் பார்த்து 'ஏய், நிக்குறியாடி' என்று கேட்டால் தீர்ந்தது. அப்புறம் காலையில் அலங்காரம் செய்துகொள்ளும்போது ஐந்து பேரும் ஒரே மாதிரி பட்டு அங்கி போட்டுப் போட்டோ எடுக்க வேண்டுமாம், கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஓட்டலில் ஒரு விருந்து வேண்டுமாம், அதற்கு யார் தலையில் என்ன மாதிரி பூ என்பதற்குத் தனியாக ஒரு கூட்டம். உடுப்பு நிறத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதலில் பிஸ்தா பச்சை என்றார்கள். உன் அத்தை எடெல்மிரா துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'அஞ்சு வெண்ணெய்ப்பழம் வரிசையா நிக்குற மாதிரி இருக்கும், கூட உப்பு வெச்சா ரொட்டில தடவிரலாம்' என்றாள், அதோடு பச்சை போயிற்று. கடைசியில் ஊதாச் சோளச் சர்பத்தின் நிறத்தில் வந்து நின்றார்கள். நல்ல நிறம், உனக்கு மிகவும் எடுப்பாக இருக்கும். தோழிகளில் யோவானாவுக்கு இப்போது ஏழாம் மாதம், கல்யாணத்துக்குள் எவ்வளவு பெரிதாகும் என்று தையல்காரிக்குத் தெரியவில்லை, பக்கவாட்டில் நாடா வைத்து இழுத்துக் கட்டுகிற மாதிரி தைத்திருக்கிறாள். உன் அப்பா குண்டூசி குத்திய துணியின் மேல் உட்கார்ந்துவிட்டார், அதைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை.

இதையெல்லாம் பார்க்கும்போது என் கல்யாணம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு மூன்று தோழிப்பெண்கள், இல்டா அதில் ஒருத்தி. கடையில் மூன்று பேருக்கும் போதுமான துணி ஒரே நிறத்தில் கிடைக்கவில்லை, திரைத்துணி மட்டும் இருந்தது, வான நீலம், ஓரத்தில் சின்னச் சின்ன நங்கூரம் போட்டது. அதையே வாங்கித் தைத்தோம். மாதா கோவிலுக்குள் நடக்கும்போது காற்று அடித்து மூன்று பேரும் ஜன்னல் திரை மாதிரிப் படபடத்தார்கள், பாதிரியார் கூடச் சிரித்தார். அவர்களுக்கு நான் கொடுத்த பரிசு ஆளுக்கொரு சீப்பு. இல்டா எனக்குக் கொடுத்தது ஒரு நீளமான மரக்கரண்டி, 'புருசனை அடிக்க இல்லடி, கேக்கு மாவு கிண்ட' என்றாள். இன்றைக்கும் ஊரில் எந்தக் கல்யாணக் கேக்கானாலும் அந்தக் கரண்டியால்தான் கிண்டுகிறேன். முந்தைய விருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. இரண்டு மாதம் முன்னாலேயே கேக்குக்குப் பழம் நறுக்க எங்கள் வீட்டில் கூடினோம், திராட்சையும் அத்தியும் பெக்கான் கொட்டையும் நறுக்கி ஒயினில் போட்டோம், போட்டதில் பாதியை நாங்களே தின்று குடித்தோம், அவ்வளவுதான் விருந்து. அந்த மத்தியானம் சிரித்த மாதிரி நான் அப்புறம் சிரித்ததே இல்லை, நீ பிறந்த பிறகு சில நாட்களைத் தவிர.

இந்தக் கதையை லுஸ்மிலாவிடம் சொன்னேன். சொன்னதும் அந்த ஓட்டல் விருந்தை ரத்து செய்துவிட்டு, என் அம்மா மாதிரியே நானும் பழம் நறுக்குகிற விருந்து வைக்கிறேன் என்று நின்றுவிட்டாள். போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை நடந்தது. அவள், அவள் தங்கை பிலார், யோவானா, பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர், உன் அத்தை, நான், எல்லோரும் நம் சமையலறையில். உன் முக்காலியை யாரும் எடுக்கவில்லை, அதன் மேல் திராட்சைப் பாத்திரத்தை வைத்திருந்தார்கள். பிலார் ஏதோ பேச்சில், நொயமி ஏன் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், கல்யாணக் கேக்கில் நாடா இழுக்கப் பயம், நான்காவது மோதிரமும் வந்துவிட்டால் என்ன செய்வாள் என்றாள். பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை, எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். என் கையில் கத்தி நின்றுவிட்டது. நான்கு வருஷமாக வயிற்றில் வைத்திருந்ததை அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

நொயமி, அந்த மூன்று மோதிரமும் உனக்குத் தானாக வரவில்லை. நான்தான் வரவழைத்தேன். கேக்கின் அடித்தட்டில் நாடாக்களைச் செருகுவது நான். எல்லா நாடாவின் முனையிலும் கிளி, லாடம், நட்சத்திரம் என்று ஏதாவது கட்டி, ஒன்றில் மட்டும், இழுத்தவளுக்குத்தான் அடுத்த கல்யாணம் என்கிற அந்த மோதிரத்தைக் கட்டுவதும் நான். கல்யாணமாகாத பெண்கள் வந்து சுற்றி நிற்கும்போது வெளியே தொங்கும் நுனிகளைப் பிரித்து அவரவர் கையில் கொடுப்பதும் நான். மோதிரம் கட்டிய நாடாவின் நுனியில் ஒரே ஒரு வெள்ளைத் தையல் போட்டு வைப்பேன். யாருக்கும் கண்ணில் படாது, எனக்குப் படும். சவுல் மாமா கல்யாணத்தில் உனக்குப் பத்தொன்பது வயது, மோதிரம் வந்ததும் உன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்து மருந்துக்கடைக்காரர் மகள் கல்யாணம். பெண்ணுக்கு மோதிரம் வரவர மாப்பிள்ளையும் வந்துவிடுவான் என்று என் மட்டிப் புத்தி நினைத்தது.

மூன்றாவது, உன் பெரியப்பா மகள் டோரிஸ் கல்யாணம். எட்கார்தோவோடு உனக்கு எட்டு நாள் முன்னாலேயே முறிந்துவிட்டது எனக்குத் தெரியாது. நீ வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு வெள்ளைத் தையல் போட்ட நாடாவை உன் கையில் கொடுத்தேன். நீ இழுத்தாய், மோதிரம் வந்தது, உன் அத்தை மண்டபமே கேட்கிற மாதிரி, 'மூணாவது மோதிரம்டி இது, இனி மாப்பிள்ளைய கேக்குக்குள்ள வெச்சுத்தான் சுடணும்' என்று கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், எதிரே அவன் வேறொரு பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். நீயும் சிரித்தாய். நீ சிரித்ததால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன், பார். மறுநாள் காலை கேக் தட்டுகளை எடுக்கப் போனபோது, மண்டபத்துக் குளியலறையில் கை கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் அந்த மோதிரம் கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான்கு மாதத்தில் நீ மிலானுக்குக் கிளம்பிவிட்டாய். நல்ல வேலை கிடைத்ததால் போனாள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்கிறேன். அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னை ராசியில்லாதவள் என்று ஊரைச் சிரிக்க வைத்தது என் கை. என்னை மன்னித்துவிடு.

நான் சொல்லி முடித்ததும் யாரும் நறுக்கவில்லை. லுஸ்மிலாதான் முதலில் பேசினாள். 'அப்போ அவ ராசி ராசின்னு ஊரே பேசினதெல்லாம் உங்க ஒரு தையலாம்மா' என்றாள். ஆமாம் என்றேன். உன் அத்தை முன்னால் இருந்த அத்திப்பழத்தைத் தள்ளி வைத்தாள். 'அண்ணி, அவ பேருக்குக் கைமா கோவில் மாதாவுக்கு வாரா வாரம் மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேன் நான். கத்தினது நான்தானேன்னு' என்றாள். எனக்கு அது தெரியவே தெரியாது. அவள் வெங்காயம் நறுக்குகிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அங்கே வெங்காயம் இல்லை.

இப்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம். அதில் இருப்பது அந்த மோதிரம்தான், இத்தனை நாளும் என் தையல் பெட்டியில் இருந்தது. ஜன்னல் வழியாக வீச நினைத்தால் வீசு, நான் கேட்கமாட்டேன். ஆனால் லுஸ்மிலாவும் நானும் பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இந்தத் தடவை கேக் மட்டும்தான் என்னுடையது, நாடாவை நான் தொடமாட்டேன். நீ வந்தால் நீ கட்டு, நீ பிரித்துக் கொடு, நீ வரிசையில் நிற்கவே வேண்டாம். மோதிரம் யார் கைக்குப் போகிறது என்பது உனக்கு மட்டும் தெரியட்டும். உன் அத்தைக்கே கொடுத்தாலும் சரி, அவளும் கல்யாணமாகாதவள்தானே, ஐம்பத்தெட்டு வயதில் வரிசையில் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும். ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இப்போது மாப்பிள்ளை வேண்டாம். நீ தனியாக நின்றுவிடுவாயோ என்று பயந்து பயந்து, நானே உன்னைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டேன். நீ ஒரு தடவை வந்து வழக்கம்போல இந்தச் சமையலறைக் கதவில் தோளை இடித்துக்கொண்டால் எனக்குப் போதும். உன் அப்பாவிடம் நீ வருவாயா என்று கேட்டதற்கு, 'அவ வந்தாலும் சரி வராட்டியும் சரி, அந்த வெள்ளிக்கிழமை நான் விமான நிலையத்துல போய் நிப்பேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், ஆளுக்காகக் காத்திருக்கறது எனக்கு என்ன புதுசா' என்றார். சொல்லிவிட்டு இப்போதே அந்தப் பழுப்பு நிற ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. தோழிப்பெண்களுக்கு என்று நீ அனுப்பிய பரிசு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. லுஸ்மிலா அதை நம் வீட்டு மேசையில் வைத்துத்தான் பிரித்தாள். மெல்லிய வெள்ளிச் சங்கிலி, ஒவ்வொன்றும் தனித்தனிச் சின்னப் பெட்டியில், மிக அழகாக இருந்தது. அவள் வரிசையாக வைத்து எண்ணினாள். பிலார், யோவானா, டீச்சர்கள் இரண்டு பேர், நான்கு. பெட்டியில் ஐந்து இருந்தன. அவள் திரும்ப ஒரு தடவை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள், காப்பி கேட்டாள், முழுக்கக் குடித்தாள். நீ சின்ன வயதிலிருந்தே கணக்கில் தப்புச் செய்கிற பிள்ளை இல்லை.

குளிர் அங்கே தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, நின்றுகொண்டு சாப்பிடாதே. கைமா மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உனக்கு எப்போதும் உண்டு. உன் உடுப்பு தைத்தாகிவிட்டது, உன் அறைக் கதவில் தொங்குகிறது, ஐந்தாவது சங்கிலியை அதன் கழுத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். கீழ் மடிப்பு மட்டும் இன்னும் தைக்கவில்லை. உயரத்தை அளந்து போனில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடாதே, வாங்கிக்கொள்ளமாட்டேன். நீ அந்த முக்காலியின் மேல் ஏறி நிற்க வேண்டும், நான் கீழே உட்கார்ந்து ஊசி குத்த வேண்டும். திராட்சைப் பாத்திரத்தை எடுத்துவிட்டேன்.

உன் அம்மா,
டெல்ஃபினா