நாற்றுக் கூடாரத்தின் சூடு

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நாற்றுக் கூடாரத்துக்குள் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றி விழுந்துவிட்டேன். பக்கவாட்டுப் பிளாஸ்டிக் திரையைச் சுருட்டிவிட மறந்தது என் தப்புதான். வெப்பமானி பார்க்கும் அக்கா தண்ணீர் தெளித்து எழுப்பி, "நாத்தோட சேர்ந்து நீயும் வாடிட்டியா?" என்று சிரித்தார். வெளியே கூட்டி வந்தார், அங்கேயும் அனல்தான்.

"திரையைச் சுருட்டினா உள்ள இருக்கிற சூடு போயிடும். தரை விடுற சூட்டைக் காத்துல இருக்கிற கரியமில வாயு பிடிச்சு நம்ம மேலயே திருப்பி விடுதே, அதை யாருடி சுருட்டுறது? வண்டி, ஆலைப் புகை கூடக் கூட, வருஷா வருஷம் சூடு ஏறத்தான் செய்யும்" என்றார்.

அம்மா, தலையில் கட்ட ஒரு பருத்தித் துண்டு அனுப்பு. அடுத்த கோடையில் தங்கச்சியையும் இங்கே அனுப்புவதாகச் சொன்னாயே, வேண்டாம். அவள் படிக்கட்டும். அவள் பங்குக்கும் நானே உழைக்கிறேன்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் பெரியவள்