தண்டவாளத்தில் உட்காராத சக்கரம்

உ

திருவிடைமருதூர்,
ஐப்பசி 14

அன்பு மகன் பரணிதரனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் கவிப்ரியாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் எழுத இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை. தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது. அடுத்த வீட்டு பர்வினின் வீட்டுக்காரர் பக்கீர் முகம்மது லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது, சம்பா நடவும் முடிந்தது. வானம் மட்டும் இருட்டிக்கொண்டே நிற்கிறது, பெய்யவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. அது இருக்கட்டும். போன வருஷம் நாங்கள் அங்கே வந்தபோது அந்தக் கடையில் குட்டி ரயிலைப் பார்த்துவிட்டு அப்பா நகராமல் நின்றாரே. சின்ன வயதில் அவருக்கும் உன் பெரியப்பா ரெத்தினத்துக்கும் சேர்த்து ஒரு சாவி ரயில் இருந்ததாம், அது உடைந்ததோடு அந்த ஆசையும் மறந்துபோனதாம். நீ வாங்கிக் கொடுத்ததோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஊருக்கு வந்ததும் நெல் மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து, பலகை அடித்து, தண்டவாளம் பதித்து, தேங்காய் நாரில் பச்சைச் சாயம் ஏற்றி வயல் போட்டு, நம் ஊர் ரயில்வே கேட்டையும் ஸ்டேஷனையும் அட்டையில் செய்து நிறுத்திவிட்டார். வயலிலிருந்து வந்து கால் கழுவியதும் நேரே அந்த அறைதான். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. பெரியப்பா போன பிறகு அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த என்ஜின் பாலத்தைத் தாண்டும்போதுதான்.

ஆவணியில்தான் முதலில் கவனித்தேன். பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுகிறார், சக்கரம் உட்கார மாட்டேன் என்கிறது. வலது கட்டைவிரல் தானாக ஆடுகிறது. தண்டவாளம் கோணல் என்றார், பிறகு பெட்டி மட்டம் என்றார், கும்பகோணம் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் பெட்டிகளைக் கழற்றுவதையே நிறுத்திவிட்டார். ஒன்று தடம் புரண்டால் போதும், அன்றைக்கு ரயில் கிடையாது, அறைக் கதவைச் சாத்திவிடுவார். உன் பெரியப்பாவுக்கு வந்த நடுக்குவாதமும் அந்தக் கட்டைவிரலில்தான் தொடங்கியது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பிறகு நடை போயிற்று, கடைசியில் விழுங்குவதும் போயிற்று. அவருக்குக் கரைத்து ஊட்டியது உன் அப்பாதான். அதனால் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துவிடாதே, எனக்கு முன்பே அவருக்குப் புரிந்திருக்கும். டாக்டர் என்று வாயெடுத்தால் "வயசானா கை ஆடாதா, உன் கை ஆடலையா" என்று கத்துகிறார். அப்பா என்னிடம் கத்தி நீ கேட்டிருக்கிறாயா.

போன செவ்வாய்க்கிழமை நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நார் கருகும் நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒயரை ஒட்டவைக்கும் சூட்டுக்கோல் உருண்டு அந்தப் பச்சை வயலில் கிடக்கிறது, நார் கருகிக் கருகி ஸ்டேஷன் பக்கமாகப் பரவுகிறது. அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ஜின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரை ஊற்றினேன். "ஏங்க, கொல்லை வரைக்கும் நாறுது, உங்க மூக்குக்குத் தெரியலையா" என்று கேட்டேன். மூடியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "தெரியல சாவித்திரி. ரொம்ப நாளா ஒண்ணுமே தெரியல, நீ வைக்கிற ரசம்கூட வெந்நி மாதிரிதான் இருக்கு" என்றார். கை ஆடுவதற்கு முன்பே உன் பெரியப்பாவுக்கும் வாசனை விட்டுப்போய்விட்டது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். அதை அவரிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்தக் கருகிய நாரைக் கூட்டி அள்ளினோம்.

தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று மகாலிங்க சுவாமியைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு நீங்கள் வரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தானே கார் ஓட்டி வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாடகைக் கார் பேசியாயிற்று என்று நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் சண்டையாகும். வீடியோவில் பேசும்போது அவர் முகத்தைக் கொஞ்சம் பார், தினம் பார்க்கிற எனக்கு எது மாறியது என்று தெரியவில்லை. கவிப்ரியாவிடம் பதமாகச் சொல், அவளைப் பயமுறுத்தாதே. நீ ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் சுவாமி கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
சாவித்திரி

பரணி, இதை மடிக்கிற நேரத்தில் அப்பா வந்து நின்றார். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. வாங்கிக் கடைசி வரைக்கும் படித்தார். "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க" என்று மட்டும் கேட்டார். பிறகு "பேனாவக் குடு, நானும் போடுறேன், அவனும் பாக்கட்டும்" என்றார். பத்திரத்தில் அரை வரியை அடைத்துக்கொள்ளும் அவர் கையெழுத்து உனக்குத் தெரியும். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்னதாக இருப்பது அவர் போட்டதுதான்.

இராஜாங்கம்