வழக்கை வென்றுவிட்டோம், அண்ணை

அண்ணை,

இன்று காலை நாயாற்றுக் கரையில் அப்பாவோடு நின்று கருவாடு புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஏற மணம் எழும்பியது. கூடவே நீங்களும் நினைவில் வந்துவிட்டீர்கள். நம்மைத் துரத்திய நாட்டின் விமான நிலையத்தில், என் அம்மா அனுப்பிய கருவாட்டை எறிய மனமில்லாமல் உங்கள் பெட்டிக்குள் வைத்திருந்தீர்கள். அதைத் திறந்த சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். இது அரச இரகசியமில்லை, மீன்தான் என்று நீங்கள் நிதானமாக விளக்கினீர்கள். அதை நினைத்து நான் தனியே சிரித்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. நம் வழக்கறிஞர். தீர்ப்பு வந்துவிட்டது. வென்றுவிட்டோம்.

பளையில் பிறந்த நீங்களும் முல்லைத்தீவுக் கரையில் பிறந்த நானும் அவ்வளவு தூரத்தில் ஒரு சர்வதேச நிறுவனத்தின் ஒரே அலுவலகத்தில் சந்தித்ததே பெரிய விஷயம். நீங்கள் குடிநீர்ப் பொறியியலாளர், நான் பிள்ளைகளின் ஊட்டச்சத்தைக் கவனிப்பவள். முகாமில் குழந்தைகள் வயிற்றோட்டத்தால் மெலிவதற்கு அங்கு தரப்படும் தண்ணீர்தான் காரணம் என்று நாம் இருவரும் சேர்ந்து எழுதினோம். அந்த அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. உடனே நாட்டைவிட்டு வெளியேறும்படி சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை.

அதைத் தாங்கிக்கொள்ளலாம். நிறுவனம் வேறொரு நாட்டில் வேலை தரும் என்றுதான் ஊருக்கு வந்து காத்திருந்தோம். அவர்களோ, அந்த நாட்டில் இனி நம்மால் வேலை செய்ய முடியாது, ஆகவே ஒப்பந்தம் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வரும் அப்பாவிடம், மகளை அந்த நாட்டிலிருந்து ஏன் கலைத்தார்கள் என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர் நடையை எட்டிப் போட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். விட்டுவிட்டு வேறு வேலை தேடப்போகிறேன் என்று உங்களிடம் வந்து சொன்னேன்.

"நாட்டை விட்டு அனுப்பினது அரசாங்கம், தங்கச்சி. வேலையை விட்டு அனுப்பினது ஆர்? அதைக் கேக்காமல் விடேலாது" என்றீர்கள்.

நம்மைப் போன்றவர்கள் இந்த நிறுவனங்களைச் சாதாரண நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அவற்றின் ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு தீர்ப்பாயம் இருப்பதைத் தேடிப் பிடித்தவர் நீங்கள். அதற்கு முன் நிறுவனத்துக்குள்ளேயே முறையிட வேண்டியிருந்தது. அதில் தோற்றோம். எனக்கு அழுகை வந்தது. நீங்களோ, இனித்தான் சரியான இடத்துக்குப் போகிறோம் என்று சொல்லி, நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியிடம் தேத்தண்ணி கேட்டீர்கள்.

விசாரணை காணொளியில், பளையில் உங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. மின்சாரம் போனாலும் போகும் என்று அயல் வீட்டு ஜெனரேட்டரை வாங்கி வைத்திருந்தீர்கள். மின்சாரம் போகவில்லை, கன்றுக்குட்டிதான் கத்தத் தொடங்கியது. அது என்ன சத்தம் என்று நீதிபதி கேட்டார். அதுவும் நல்ல தண்ணீர்தான் கேட்கிறது என்றீர்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர் சிரிக்கவில்லை. ஒரு நாடு வேண்டாம் என்றபின் நாங்கள் என்ன செய்வது என்று வாதிட்டார். ஏன் வேண்டாம் என்று அந்த நாட்டிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். அவர் தாள்களைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். நாம் வெல்வோம் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணை.

தீர்ப்புக்குக் காத்திருந்த மாரிகாலத்தில் உங்கள் இதயம் நின்றுபோனது.

இன்று அப்பா கரையில் நின்ற எல்லாரிடமும் செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நேரே பளைக்கு வந்தோம். அக்காவுக்குத் தீர்ப்பைத் தமிழில் சொன்னேன். ஒரு நாடு வெளியேற்றியது ஊழியரின் குற்றத்துக்குச் சான்றாகாது. காரணம் கேட்பதும் வேறு இடம் தேடித் தருவதும் நிறுவனத்தின் கடமை; இரண்டையும் அது செய்யவில்லை. என்னைத் திரும்ப எடுக்க வேண்டும். உங்களை நீக்கியதும் செல்லாது. கடைசி நாள்வரை நீங்கள் அவர்களுடைய ஊழியர்தான்.

"அப்ப அவர் வேலையில இருக்கேக்கதான் போனவர், என்ன?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா" என்றேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். உடனே அயலுக்குச் சொல்லிவர எழுந்துவிட்டார். உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள், ஒரே கதையும் சிரிப்பும்.

சற்று முன் அப்பா பக்கத்தில் வந்து இருந்தார். இவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டார்.

"போற இடத்திலயும் தண்ணி பழுதெண்டால், திரும்பவும் எழுதுவியோ?"

"எழுதுவன்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். உங்களோடு வேலை செய்ததில் என்னிடம் தங்கிவிட்டது இதுதான், அண்ணை. அப்பா தலையாட்டிவிட்டு, அதை உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லப் போனார்.