மூன்று கோட்டுக்குள் திவசம்

கரமனை,
3 ஜூன் 2025

சௌபாக்கியவதி ஸ்நேகாவுக்கு மன்னி பத்மஜாவின் ஆசிகள்.

உன் அண்ணாவும் நானும் சௌக்கியம். மெயில் இருக்கத் தபால் எதற்கு என்று யோசிப்பாய். நம் சமையல் கடை மெயிலை உன்னாலும் திறக்க முடியும், என் ஓர்ப்படி சாவித்ரியாலும் முடியும். அதனால்தான்.

தம்பானூரிலிருந்து நம் வாடிக்கை மாமா போன் செய்தார். "மாமி, திவசச் சமையலை நிறுத்திட்டேளா? சைட்டில காணலையே, கேட்டோ" என்றார். தூக்கிவாரிப் போட்டது. நம் கடைக்கு நீ போட்டுக் கொடுத்த தளத்தைத் திறந்து பார்த்தேன். சீமந்தம், பூணூல், கல்யாணம் என்று சாவித்ரி செய்கிறதெல்லாம் மேலே வரிசையாக நிற்கிறது. நான் செய்யும் திவசம் மட்டும், மூலையில் இருக்கும் மூன்று கோட்டைத் தட்டி, அதற்குள் 'மற்றவை'யையும் தட்டினால்தான் வருகிறது. முன்பு மேல் வரிசையில்தானே இருந்தது? எடுக்கச் சொன்னது அவளா? என்னை வெளியே தள்ளுவதில் நீயும் கூட்டா?

பத்மஜா

பெங்களூர்,
10 ஜூன்

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம்.

சின்ன மன்னி சாவித்ரிக்கு இதில் ஒன்றும் தெரியாது. எடுத்தது நான். ஆட்களிடம் போனைக் கொடுத்து, வேண்டியதை அவர்களாகவே தேடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, தளம் வடிவமைக்கும் எங்கள் வேலையில் வழக்கம். போன தடவை வந்தபோது நம் தெருவிலேயே அப்படிச் செய்தேன். சீமந்தத்துக்குத் தேடியவர்கள் பக்கத்திலேயே திவசத்தைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 'மற்றவை'க்குள் போட்டது என் தப்பு. அங்கே யாரும் தேட மாட்டார்கள். திவசத்துக்கென்று உங்கள் நம்பரோடு தனித் தளம் போட்டுத் தரட்டுமா?

முன்பே சொல்லாததற்குக் கோபிக்க வேண்டாம்.

ஸ்நேகா

கரமனை,
17 ஜூன்

ஸ்நேகாவுக்கு,

தனித் தளமா? தனிக்குடித்தனம் வைத்து அனுப்ப இது மரியாதையான வழி போலிருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்தது யார்? பெயரைச் சொல். நம் தெருப் பட்டாபி மாமா வீட்டிலா, சாவித்ரியின் பிறந்த வீட்டிலா? அவர்கள் வீட்டுத் திவசத்துக்கெல்லாம் மடியாக நின்று வடை தட்டினவள் நான். முகத்துக்கு நேரே கேட்கிறேன். பெயர் வராவிட்டால் நீயாகக் கட்டின கதை என்றுதான் நினைப்பேன். அப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

பத்மஜா

பெங்களூர்,
24 ஜூன்

மன்னிக்கு,

சொல்லக் கூடாது என்றிருந்தேன். நான் முதலில் போனைக் கொடுத்தது உங்களிடம்தான். உங்கள் பெண் பாகீரதியின் சீமந்தத்துக்குப் பட்சணம் பாருங்கள் என்றேன். பக்கத்தில் திவசத்தைப் பார்த்ததும் தட்டப் போன விரல் பாதியில் நின்றது. "சிவ சிவா! பிள்ளைத்தாச்சிக்குப் பாக்கறச்சே இதை ஏண்டி கண்ணுல காட்டறே? அந்தண்டை எடு" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். மற்றவர்களெல்லாம் அப்புறம்தான்.

அது உங்கள் கையால் செய்யும் சமையல் என்பது அப்போது உங்களுக்குத் தோன்றவே இல்லை. அதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்?

ஸ்நேகா

கரமனை,
2 ஜூலை

ஸ்நேகா,

சொன்னது நான்தான். ஞாபகம் வந்துவிட்டது. சாவித்ரியிடம் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

இன்று பாகீரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தளத்தைத் திறந்தேன். திவசம் கண்ணில் படவில்லை. நிம்மதியாக இருந்தது. அவள் எழுந்து போன பிறகு அழுதேன்.

பிரசவத்துக்கு நீ வந்தாக வேண்டும். தனித் தளத்தைப் போட்டுவிடு. லிங்கை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பு, பாகீரதிக்கு மட்டும் வேண்டாம்.

உன் மன்னி
பத்மஜா